சார்ஜ் நேரம் ஓர் அளவுகோல்: வளப்பூர் நாட்டை முன்வைத்துச் சிறு லித்தியம் செல்களின் பராமரிப்பு பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்று வளப்பூர் நாடு. அறப்பளீஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய்ச் சேரும் ஆகாய கங்கை அருவியும் இங்கேதான். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள இந்த ஊர்களில் பேட்டரியில் எரியும் விளக்குக்குத் தனி மதிப்பு உண்டு. மழைக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பவருக்கும், இருட்டில் மிளகுத் தோட்டம் கடந்து வீடு சேர்பவருக்கும் கையிலோ நெற்றியிலோ ஒரு டார்ச் வேண்டும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது பேனா அளவுள்ள சிறு கருவிகளில் இருக்கும் லித்தியம் அயனி செல்லை. அதை எவ்வளவு நேரம் சார்ஜ் போட வேண்டும், எப்படிக் காக்க வேண்டும் என்பதே கேள்வி. உலகெங்கும் இந்தக் கேள்வியை அதிகம் எழுப்பும் கருவிகளுள் ஒன்று வேப் பேனா எனப்படும் மின்சிகரெட். நம் நாட்டில் அதற்குச் சட்டப்படி இடமில்லை. தமிழ்நாடு 2018இல் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது அந்த ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமானது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் குற்றம். முதல் முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் வேப் பேனாவின் உள்ளே இருக்கும் செல்லுக்குத் தடை இல்லை. அதே வகைச் செல் டார்ச்சிலும், புளூடூத் ஸ்பீக்கரிலும், பவர் பேங்கிலும், குழந்தைகளின் பொம்மையிலும் இருக்கிறது. ஆகவே டார்ச்சை முதன்மைச் சான்றாகவும் வேப் பேனாவைத் தனிச் சான்றாகவும் இங்கே வைக்கிறேன். நான் நிறுவ முயல்வது ஒன்றுதான்: சார்ஜ் நேரம் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதால் கடைப்பிடிக்க வேண்டிய விதி அன்று, செல்லின் நிலையைச் சொல்லும் அளவுகோல். மல்டிமீட்டர் இல்லாத வீட்டிலும் கடிகாரமும் கைச்சூடும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டே பெரும்பாலான பழுதுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

2. இரண்டு வகைப் பேட்டரிகள்

எந்தப் பராமரிப்பு அறிவுரைக்கும் முன்னால் கேட்க வேண்டியது, உள்ளே இருப்பது லித்தியமா, ஈய-அமிலமா என்பது. இரண்டுக்கும் நெறிகள் நேர் எதிரானவை. இதை யாரும் கடையில் சொல்லித் தருவதில்லை. மலையில் வீணாகும் டார்ச்சுகளில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்தால்தான் வீணாகிறது என்பது என் துணிபு.

பின்பக்கம் இரண்டு முள்ளை வெளியே இழுத்து நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகும் பெரிய கைடார்ச்சுகளில் வழக்கமாக இருப்பது 4 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி. கையில் எடுத்தால் கனம் தெரியும். அதைத் தீர்ந்த நிலையில் போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் போட்டாலும் ஏறாது. எனவே பயன்படுத்திய அன்றே சார்ஜ் போட வேண்டும், முழுதாக ஏற்றிவைக்க வேண்டும். சும்மா கிடந்தாலும் மாதம் ஒருமுறை போட வேண்டும்.

போன் சார்ஜர் வயரில் ஏறும் மெல்லிய டார்ச்சுகளிலும் நெற்றி டார்ச்சுகளிலும் இருப்பது லித்தியம். 1991இல் சோனி நிறுவனம் வணிகத்துக்குக் கொண்டுவந்த வகை இது. இதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வழக்கமான வகைக்கு முழு ஏற்றத்தில் மின்னழுத்தம் 4.2 வோல்ட், சராசரி 3.6 அல்லது 3.7, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தீர்ந்ததாகக் கொள்ளலாம். இது முழுதாக ஏறிய நிலையில் நெடுநாள் கிடப்பதை விரும்பாது, பாதி ஏற்றத்தில் கிடப்பதையே விரும்பும்.

“ராத்திரி பூரா போட்டாத்தான் நிக்கும்” என்ற பேச்சு மலையிலும் சமவெளியிலும் ஒன்றுபோல் வழங்குகிறது. புதுக் கருவியை எட்டு மணிநேரம் போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்பார்கள். நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்தில் அதில் பொருள் இருந்தது. ஈய-அமில டார்ச்சுக்கு இன்றும் பொருந்தும். லித்தியத்துக்குப் பொருந்தாது. முதல் நாளும் ஐந்நூறாம் நாளும் அதற்கு ஒரே சார்ஜ் முறைதான்.

3. சார்ஜ் நேரத்தின் கணக்கு

3.1 ஈய-அமிலம்: எட்டு மணிநேரம் எங்கிருந்து வருகிறது

முள்வைத்த மலிவு டார்ச் ஒன்றைப் பிளக்கிலிருந்து எடுத்தபின் பிரித்துப் பார்த்தால் உள்ளே மின்மாற்றி எதுவும் இருக்காது. பட்டாணி வடையை விடச் சிறிய, பழுப்பு நிறச் சதுர மின்தேக்கி ஒன்று இருக்கும். அதன் மேல் 105ஜே 400வி என்று அச்சிட்டிருந்தால் அதன் அளவு 1 மைக்ரோஃபாரட், தாங்கும் அழுத்தம் 400 வோல்ட். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மின்தேக்கி ஏறக்குறைய 72 மில்லி ஆம்பியர் மட்டுமே செல்லவிடும். பேட்டரி 500 மில்லி ஆம்பியர் மணி என்றால், வகுத்தால் 7 மணிநேரம். ஏற்றத்தில் வீணாவதையும் சேர்த்தால் 9 மணிநேரம். அட்டையில் எட்டு முதல் பத்து மணி என்று போட்டிருப்பதன் அடிப்படை இதுதான்.

மலைக்கு இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. இந்த அமைப்பில் மின்னோட்டம் வீட்டுக்கு வரும் வோல்டேஜைப் பொறுத்தே அமையும். கம்பியின் கடைசி வீட்டில் மாலையில் வோல்டேஜ் 170க்கு இறங்கினால் ஓட்டம் 53 மில்லி ஆம்பியராகக் குறையும். அதே பேட்டரி நிரம்ப 12 மணிநேரம் வேண்டும். “டார்ச் சரியில்லை” என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும் முன், பல்பு மங்கலாக எரிந்த நேரத்தில் போட்டோமா என்று பார்க்க வேண்டும். சார்ஜ் போட நல்ல நேரம் பின்னிரவோ முற்பகலோதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மின்மாற்றி இல்லாததால் சார்ஜில் இருக்கும்போது அந்த டார்ச்சின் உள்பகுதி முழுவதும் நேரடி வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருக்கிறது. ஓடு உடைந்த டார்ச்சைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் ஷாக் அடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உடைந்த டார்ச்சைச் செலோடேப் ஒட்டிச் சார்ஜ் போடுவது உயிரோடு விளையாடுவது.

3.2 லித்தியம்: இரண்டு கட்ட ஏற்றம்

லித்தியம் செல்லை ஏற்றுவது இரண்டு கட்டம். முதலில் ஒரே அளவு மின்னோட்டம் பாய்கிறது, மின்னழுத்தம் மெல்ல ஏறுகிறது. 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அழுத்தம் அங்கேயே நிற்க, ஓட்டம் குறையத் தொடங்குகிறது. பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் சார்ஜர் தானே நிறுத்திக்கொள்கிறது. முக்கால் பங்கு முதல் கட்டத்திலேயே ஏறிவிடும். மிச்சக் கால் பங்குக்குத்தான் பிடிவாதமாக நேரம் எடுக்கும்.

மலிவு டார்ச், ஸ்பீக்கர், வேப் பேனா பலவற்றில் இந்த வேலையைச் செய்வது டிபி4056 போன்ற ஒரு சிறு சில்லு. அதன் அருகே அரிசி மணியிலும் சிறிய ஒரு மின்தடை இருக்கும். அதில் 122 என்று பொறித்திருந்தால் 1,200 ஓம், அதாவது 1 ஆம்பியர் ஓட்டம். 202 என்றால் 580 மில்லி ஆம்பியர். 302 என்றால் 400. சார்ஜரில் எத்தனை வாட் எழுதியிருந்தாலும் கருவிக்குள் போகும் ஓட்டத்தை முடிவுசெய்வது இந்த மின்தடைதான். எனவே 65 வாட் சார்ஜரில் செருகினால் இந்த டார்ச் சீக்கிரம் ஏறும் என்று எண்ணுவதும், வெடித்துவிடும் என்று அஞ்சுவதும் இரண்டும் தவறு.

கணக்கு எளிது. செல்லின் கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்து, கடைக்கட்டத்துக்காக மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 2,000 மில்லி ஆம்பியர் மணி செல், 1 ஆம்பியர் ஓட்டம்: இரண்டே முக்கால் மணி. பேனா அளவுக் கருவியின் 350 மில்லி ஆம்பியர் மணி செல், 200 மில்லி ஆம்பியர் ஓட்டம்: இரண்டேகால் மணி. அதே சின்னச் செல்லுக்கு 1 ஆம்பியர் சில்லை வைத்திருந்தால் அரை மணியில் ஏறிவிடும், வாங்குபவர் மகிழ்வார். ஆனால் அது செல்லின் கொள்ளளவைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஓட்டம். பாதி முதல் ஒரு மடங்கு வரைதான் சாதாரணச் செல் நலமாகத் தாங்கும்.

3.3 நேரத்தை வாசித்தல்

இங்கேதான் கடிகாரம் கருவியாகிறது.

சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் தீர்ந்தால் செல் கிழடாகிவிட்டது, அல்லது தொடக்கத்திலிருந்தே போலி. 18650 எனப்படும் செல்லின் விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65. அந்த உடலுக்குள் நல்ல நிறுவனங்கள் அடைப்பது பெரும்பாலும் 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரைதான். சந்தையில் 9,900 என்று மினுமினுக்கும் உறை போட்ட செல்கள் கிடைக்கின்றன. 1 ஆம்பியர் சார்ஜரில் அது ஒன்றரை மணியில் நிரம்பிவிட்டால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 1,100. உண்மையான 9,900 என்றால் 13 மணிநேரம் ஆக வேண்டும். எடையும் காட்டிக்கொடுக்கும்: நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். நகைக்கடைத் தராசோ மளிகைக்கடை மின்தராசோ போதும்.

வழக்கத்தை விட நேரம் அதிகமானால் முதலில் வயரைச் சந்தேகிக்க வேண்டும். மெலிந்த வயரில் அரை ஓம் தடை இருந்தாலே 1 ஆம்பியரில் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். வயரை மாற்றியும் சார்ஜ் காட்டும் சிறு விளக்கின் நிறம் மாறவில்லை, செல் மட்டும் சூடாக இருக்கிறது என்றால் உள்ளே கசிவு. அந்தச் செல்லை அன்றே ஒதுக்க வேண்டும்.

அடியோடு தீர்ந்த செல் முதல் சில நிமிடங்களில் அசையாமல் கிடப்பது பழுதன்று. அழுத்தம் 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சில்லு பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தையே கொடுக்கும். கால் மணி பொறுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் தீர்ந்து கிடந்த செல்லை வேறு பேட்டரியோடு கம்பி வைத்து “உயிர்ப்பிக்கும்” வேலை கூடாது. உள்ளே செம்புத் தகடு கரைந்து, மறுபடி ஏற்றும்போது ஊசிபோல் படிந்து இரு முனைகளையும் இணைத்துவிடக்கூடும்.

கைச்சூடு அடுத்த சான்று. வெதுவெதுப்பு இயல்பு. தொட்டுப் பிடித்திருக்க முடியாத சூடு எந்த நிலையிலும் இயல்பன்று.

புதிய சி வகை முனை உள்ள மலிவுக் கருவிகளில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. இரு பக்கமும் சி முனை உள்ள வயரில் செருகினால் சார்ஜே ஏறாது. சார்ஜர் அடையாளம் காண வேண்டிய இரண்டு மின்தடைகளைத் தயாரிப்பாளர் சிக்கனம் கருதி விட்டிருப்பார். பழைய அகல முனை வயரில் ஏறும். கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

4. மலைச்சூழல்

குளிர் பேட்டரிக்குக் கெடுதல் என்ற பேச்சு பனி உறையும் நாடுகளுக்கானது. பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் உலோகமாகப் படியும் என்பது உண்மை. கொல்லிமலையின் மார்கழிக் குளிர் அந்த எல்லைக்கு அருகில் வருவதில்லை. மாறாக, இந்த உயரம் செல்லுக்கு ஒரு கொடை. நாற்பது சதவீதம் ஏற்றி 25 பாகையில் ஓராண்டு வைத்த செல் தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைக் காக்கிறது. முழுதாக ஏற்றி 40 பாகையில் வைத்தது 65 சதவீதத்துக்கு இறங்குகிறது. பேட்டரித் துறையில் பரவலாக எடுத்தாளப்படும் அட்டவணை இது. முன்னது வளப்பூர் நாட்டு வீட்டுச் சுவர்மாடத்தை ஒத்த நிலை. பின்னது கோடையில் நாமக்கல்லில் தகரக்கூரைக் கடையின் நிலை. ஒரே டார்ச் மேலே இருந்தால் நெடுநாள் உழைக்கும்.

இந்தக் கொடையை வீட்டுக்குள் இழக்கும் இடம் அடுப்படி. அடுப்புக்கு மேலுள்ள பரணில் தானியத்தோடு டார்ச்சையும் வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். விதைக்குப் புகையும் சூடும் நல்லது. செல்லுக்குச் சூடு நஞ்சு. இன்னோர் இடம் வண்டி. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் காரவள்ளியில் வெயிலில் நிறுத்திய ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே போனையோ பவர் பேங்கையோ வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதைத் தினமும் பார்க்கலாம். அந்த இடத்தில் சூடு 60 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டிலேயே வண்டிச் சார்ஜரில் செருகுவது அதை விடக் கெடுதல். பொதுவாக 45 பாகைக்கு மேல் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக்கூடாது.

ஈரம் வேறு வகைத் தொல்லை. ஆகாய கங்கையின் சாரலில் நனைந்த போனையோ, மழையில் ஊறிய நெற்றி டார்ச்சையோ வீடு வந்ததும் சார்ஜில் செருகுவதே முதல் தவறு. துடைத்து, முனைத் துளை கீழ்நோக்கியிருக்கக் காற்றோட்டத்தில் ஒரு நாள் வைக்க வேண்டும். அரிசியில் புதைப்பதால் பெரிய பயன் இல்லை. தவிட்டுத் தூள் துளையில் அடைவதுதான் மிச்சம். துளையில் பச்சை படிந்திருந்தால் அது செம்பு அரிப்பு, சுரண்டக் கூடாது.

5. வேப் பேனா: ஒரு தனிச் சான்று

சீன மருந்தாளர் ஹான் லிக் 2003இல் உருவாக்கிய மின்சிகரெட் பின்னர் பேனா வடிவெடுத்தது. அதன் பேட்டரிச் சேதங்கள் மற்ற சிறு கருவிகளை விட நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 இறுதி வரை 195 தீ அல்லது வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. 61 நிகழ்வுகள் சட்டைப்பை, கால்சட்டைப்பையில், 60 வாயில் வைத்துப் பயன்படுத்தும்போது, 48 சார்ஜில். 2018இல் ஃபுளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன.

பேனா ஏன் போனை விட மோசமாக வெடிக்கிறது? உலோகக் குழாய்க்குள் உருளைச் செல் இறுக்கமாக அடைபட்டிருக்கிறது. உள்ளே இரு மின்தகடுகளையும் பிரித்து வைக்கும் மென்படலம் ஏறத்தாழ 130 பாகையில் உருகத் தொடங்கி, எரியும் கரைப்பான் ஆவியானால், வாயு போக வழி குழாயின் முனை மட்டுமே. முனை பிய்த்துக்கொண்டு, குழாய் வாணம்போலப் பாய்கிறது. நம் வீடுகளில் இருக்கும் அலுமினியக் குழாய் டார்ச்சும் இதே கட்டமைப்புத்தான். வேப் பேனாவைக் கண்ணால் பார்த்திராதவருக்கும் அந்த 195 நிகழ்வுகள் பாடமாவது இதனால்தான்.

சார்ஜில் நேர்ந்த விபத்துகளுக்கு அறிக்கை காட்டும் காரணங்களுள் முக்கியமானது, கருவியோடு வந்த சார்ஜரை விட்டுப் பொருந்தாத ஒன்றைச் செருகுவது. பேனாக்களில் திருகுமரை வைத்த பழைய வகையில் ஏற்றத்தை நிறுத்தும் சுற்று சில வேளை சார்ஜரில்தான் இருக்கும். வேறு திருகு சார்ஜரை மாட்டினால் காவல் இல்லாமல் போகும். மலிவு டார்ச்சுகளோடு தரும் வட்ட முனை சார்ஜர்களுக்கும் இது பொருந்தும்: முனை பொருந்துவதால் மின்சாரமும் பொருந்தும் என்று ஆகாது.

சட்டைப்பை நிகழ்வுகள் சிலவற்றின் காரணம் இன்னும் எளியது. தனிச் செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் போட்டால் இரு முனைகளும் இணைந்துவிடும். நம் வழக்கில் சுருக்குப்பை. உபரிச் செல்லை ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் தனியே வைத்தாலே போதும்.

தடையின் விளைவு ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் விற்கும் சிறு லித்தியம் பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 தரமும், ஆர் என்று தொடங்கும் பதிவெண்ணும் கட்டாயம். விற்கவே கூடாத கருவிக்குத் தரமுத்திரை, உத்தரவாதம், திரும்பப் பெறும் வழி எதுவும் இருக்காது. கள்ளத்தனமாக வந்த பேனாவை யாராவது கொண்டுவந்தால் அதன் செல்லே வீட்டில் நம்பத்தகாத செல். அதைக் கழற்றி டார்ச்சில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு என் விடை: கூடாது. சார்ஜ் போடவே கூடாது.

6. இருப்பும் தினசரிப் பயன்பாடும்

நாள்தோறும் எரியும் டார்ச்சுக்குத் தீரத் தீரக் காத்திருக்க வேண்டாம். பாதி இறங்கியதும் போடலாம். விளக்கு நிறம் மாறியதும் எடுத்துவிடலாம். 4.2க்குப் பதில் 4.1 வோல்ட்டில் நிறுத்தினால் செல்லின் சுற்று ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சார்ஜ் விளக்கின் நிறம் மாறுவதற்கு முன்பே எடுப்பவருக்கு இந்தப் பயனில் ஒரு பகுதி செலவின்றிக் கிடைக்கும். மழைக்காலத்தில் மட்டும் விதிவிலக்கு: மின்தடை வரும் என்று தெரிந்தால் முழுதாக ஏற்றிவையுங்கள். ஆயுளில் கொஞ்சம் குறைந்தாலும் அன்றிரவு வெளிச்சம் முக்கியம்.

சார்ஜ் போடும் இடம் படுக்கையன்று. தலையணைக்கடியில் போன் ஏறுவது பழக்கமாகிவிட்டது. சிமென்ட் தரையோ கல்திண்ணையோ போதும். ஓலை, பாய், துணி பக்கத்தில் வேண்டாம்.

தீப்பிடித்தால் முதலில் பிளக்கைப் பிடுங்க முடிந்தால் பிடுங்க வேண்டும், அல்லது மெயினை அணைக்க வேண்டும். பிறகு நிறையத் தண்ணீர். லித்தியத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற அச்சம் லித்தியம் உலோகத்தைப் பற்றியது. இந்தச் சிறு செல்களுக்குத் தண்ணீரே சரி, ஏனென்றால் அணைப்பதை விடக் குளிர்விப்பதே தேவை. புகையைச் சுவாசிக்கக் கூடாது.

7. ஆயுள் முடிந்த செல்

உப்பிய செல்லை ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் பழக்கம் செல்போன் கடைகளில்கூட உண்டு. குத்திய இடத்திலேயே முனைகள் இணைந்து எரியும். முனைகளில் டேப் ஒட்டி, மூடாத மண்சட்டியில் வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும்.

2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளரே பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. ஈய-அமிலப் பேட்டரிக்குக் காயலான் கடையில் காசு கிடைப்பதால் அது தானாகவே மலையிறங்கிவிடுகிறது. லித்தியம் செல்லுக்குக் காசு இல்லை. அது காபித் தோட்ட ஓரத்திலும் ஓடையிலும் கிடக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் பேனாக்களை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் தடை செய்ததற்கும் எறியப்பட்ட செல்களால் குப்பை வண்டிகளிலும் கிடங்குகளிலும் தீப்பிடித்தது ஒரு காரணம். இங்கே குப்பையோடு சருகும் எரிக்கப்படுகிறது; பங்குனி, சித்திரையில் காட்டுத்தீப் பருவமும் சேர்கிறது.

ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் மணல் நிரப்பிய ஒரு மூடிபோட்ட வாளி வைத்தால், டேப் ஒட்டிய செல்களைச் சேர்த்து மாதம் ஒருமுறை சந்தைக்குப் போகும் வண்டியில் சமவெளியின் மின்கழிவுச் சேகரிப்பு இடத்துக்கு அனுப்பலாம். வாளியின் மேல் இரண்டு வரி எழுதினால் போதும்: கனமான பேட்டரி காயலான் கடைக்கு, வயரில் ஏறும் செல் இந்த வாளிக்கு.